பழைய காருக்கு முன் கண்ணாடியும் பீடிங் ரப்பரும்: ஊட்டி, குன்னூர் பக்கம் எது சரிப்பட்டு வரும்?

நீலகிரியில பழைய பத்மினி, அம்பாசிடர், தோட்டத்து ஜீப்னு இன்னும் ஆசையா வெச்சு ஓட்டிட்டு இருக்கறவங்க நெறைய பேர் இருக்காங்க. ஜூன் மாசம் மழை பிடிச்ச உடனே அவங்க எல்லாருக்கும் வர்ற கேள்வி ஒண்ணுதான், முன் கண்ணாடி ஓரமா தண்ணி உள்ள வருது, ரப்பர மட்டும் மாத்தினா போதுமா, கண்ணாடியையும் சேத்து மாத்தணுமா, இல்ல சிலிக்கான் அடிச்சு இந்த வருஷத்த ஓட்டிடலாமா, வேலைய இங்கயே பண்ணலாமா, கோயம்புத்தூருக்கு வண்டிய இறக்கணுமா. என்னோட முடிவ முதல்லயே சொல்லிடறேன். ரப்பர் கட்டாயம் புதுசு போடுங்க, கண்ணாடி டஃப்பன்டா (அடிபட்டா பொடிப்பொடியா போறது) இருந்தா லேமினேட்டடுக்கு (நடுவுல பிளாஸ்டிக் தாள் வெச்சது, கீறல் விட்டாலும் நிக்கறது) மாறுங்க, சிலிக்கான் வேண்டவே வேண்டாம், வேலைய மலை மேலயே வெச்சுக்கோங்க. ஆனா இது எல்லாத்துக்கும் முன்னாடி பாக்க வேண்டியது கண்ணாடி உக்கார்ற தகர விளிம்பு. பட்ஜெட்ல பெரிய பங்கு அங்கதான் போகணும், நம்ம ஆளுங்க அதத்தான் கடைசியா பாக்கறாங்க.

இப்ப வர்ற கார்ல கண்ணாடிய பாடியோட பியூ (பாலியூரித்தேன்) பசை போட்டு ஒட்டிடறாங்க. நம்ம பழைய வண்டியில அப்படி கிடையாது, ரப்பருக்கு ரெண்டு பள்ளம், ஒண்ணுல கண்ணாடி உக்காரும், இன்னொண்ணு பாடியோட விளிம்ப கவ்விக்கும், அவ்வளவுதான், கண்ணாடி எங்கயும் ஒட்டி இருக்காது. பாடி முறுக்கிக் குடுக்கும்போது கண்ணாடி ரப்பருக்குள்ள லேசா நகர்ந்துக்கும். மேட்டுப்பாளையத்துலருந்து குன்னூர் ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவு, மசினகுடி போற கல்லட்டி ரோட்டுல 36, ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கச் சக்கரம் ஏற மறுபக்கம் இறங்க பாடி முறுக்கத்தான் செய்யும். அதனால சில கடையில, ரப்பர் கிடைக்கல சார், பசை வெச்சே ஒட்டிடலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஒட்டற கண்ணாடிக்கு அகலமான, தட்டையான விளிம்பு வேணும், நம்மளுது அதுக்குன்னு அடிச்ச விளிம்பு இல்ல, முறுக்கு முழுசும் கண்ணாடி மூலையில போய் உக்காந்து ஒரு நாள் கீறல் விட்டுடும், கழட்டணும்னாலும் கண்ணாடி முழுசா வராது.

சமவெளியில பத்து வருஷம் ஓடற ரப்பர் நம்ம ஊர்ல அந்த அளவு வராது, அதுக்குக் காரணம் இருக்கு. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினா புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுது, ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர், அப்ப குளிருதேன்னு வெயில் இல்லன்னு நினைக்கக் கூடாது, ரப்பர் மேல விழற அடி கோயம்புத்தூர விட அதிகம். டிசம்பர் ஜனவரியில உறைபனி விழுந்து காலையில ரப்பர் கல்லு மாதிரி இறுகிடுது, மத்தியானம் வெயில்ல இளகுது, இப்படி தினமும். மழையும் நமக்கு ரெண்டு தடவ, கூடலூர், ஊட்டி பக்கம் தென்மேற்கு போட்டுத் தள்ளும், குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு. நடுவுல மூடுபனி. ரப்பருக்கும் தகரத்துக்கும் இடையில புகுந்த ஈரம் காயறதுக்கு நேரமே கிடைக்காது.

இப்ப மொதல் வழி, பழைய ரப்பர அப்படியே விட்டுட்டு மேல சிலிக்கான் இழுக்கறது. எல்லாரும் மொதல்ல இதுக்குத்தான் போறாங்க, ஹார்டுவேர் கடையில ஒரு ட்யூப், அரை மணி நேரம், வேலை முடிஞ்சுது. முதல் மழைக்கு நிக்கும், அதையும் ஒத்துக்கறேன். ஆனா பாத்ரூம், ஜன்னலுக்கு போடற சாதா சிலிக்கான பிதுக்கினா வினிகர் வாசம் வரும் பாருங்க, அது காயும்போது வெளிய விடற அசிட்டிக் ஆசிட், அது நேரா தகரத்துலதான் போய் வேலை செய்யும். அதுக்கு மேல, சிலிக்கான் தண்ணிய உள்ள விடாம தடுக்கறத விட ஏற்கனவே உள்ள போன தண்ணிய வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்கும். வெளியில பாத்தா நீட்டா இருக்கும், உள்ள விளிம்பு செதில் செதிலா உரிஞ்சுட்டு இருக்கும். அப்புறம் ஒரு நாள் பெயின்ட் அடிக்கணும்னு போனா சிலிக்கான் பட்ட இடத்துல பெயின்ட் பிடிக்காது, சின்னச் சின்னக் குழியா விலகும், பெயின்டர் எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. ஒரு ட்யூப் சிலிக்கானால இவ்வளவு செலவு.

அதுக்காக கசிஞ்ச உடனே எல்லாத்தையும் பிரிங்கன்னு சொல்லல. மொதல்ல தண்ணி நெஜமாவே கண்ணாடி வழியாத்தான் வருதான்னு பாருங்க. ஒருத்தர் டார்ச் லைட்டோட உள்ள டேஷ்போர்டுக்கு கீழ தலைய விட்டுப் படுத்துக்கணும், இன்னொருத்தர் வெளிய ஓஸ் பைப்ப மெதுவா, கீழ இருந்து மேல கொண்டு போகணும், மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு எந்த ஓட்டைன்னே தெரியாது. வைப்பர் தண்டு வெளிய வர்ற இடத்துல இருக்கற வாஷர், காத்து வர்ற வென்ட், ஏரியல் ஓட்டை, இதுல எதுலயாவது வந்துட்டு கண்ணாடி மேல பழி போறது ரொம்ப சகஜம். கண்ணாடிதான்னு உறுதியாச்சு, ஆனா ரப்பர் இன்னும் நகத்தால அமுக்கினா உள்ள போய் திரும்ப எழும்புது, ஒரே ஒரு இடத்துலதான் கசிவு, அப்படின்னா ரப்பரோட வெளி உதட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டையால லேசா தூக்கி, இறுகாம எப்பவும் கொழகொழன்னே இருக்கற பியூட்டைல் சீலன்ட உள்ள விட்டா ஒண்ணு ரெண்டு மழைக்காலம் தாராளமா போகும். மூலையில வெடிப்பு தெரியுது, அமுக்கினா கட்டையா இருக்கு, கைய வெச்சா கருப்பா ஒட்டுதுன்னா அந்த ரப்பர் முடிஞ்சு போச்சு, அதுக்கு மேல எத ஊத்தினாலும் தங்காது.

சரி, கழட்டறீங்க. பழைய ரப்பர காப்பாத்த நினைக்காதீங்க, கத்தியால வெளி உதட்ட சுத்தி அறுத்து எடுத்துட்டா கண்ணாடி அழகா வந்துடும். காப்பாத்த வேண்டியது ரப்பர் மேல ஓடற பளபள பட்டைதான், அதையும் பீடிங்னுதான் சொல்லுவாங்க, அது வளைஞ்சா நிமித்தறது கஷ்டம், புதுசு கிடைக்கறது அத விட கஷ்டம். கழட்டும்போதே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, சில ரப்பர்ல பீடிங்க கண்ணாடி ஏத்தறதுக்கு முன்னாடியே மேசை மேல வெச்சு சொருகிடணும், சிலதுல கடைசியில. ஒரிஜினலா எப்படி உக்காந்திருக்கணும்னு பாக்கணும்னா கோயம்புத்தூர் அவினாசி ரோட்டுல ஜி.டி. கார் மியூசியம் இருக்கு, ஒரு தடவ போய் கண்ணாடி ஓரங்கள மட்டும் பாத்துட்டு வாங்க, பாதி சந்தேகம் அங்கயே தீந்துடும்.

கண்ணாடி வெளிய வந்த பிறகு கீழ் விளிம்புல, ரெண்டு மூலையிலயும் ஒரு ஸ்க்ரூடிரைவரால தட்டிப் பாருங்க. டங்குன்னு சத்தம் வந்தா நல்ல தகரம். சத்தமே வராம மொத்துன்னு உள்ள போச்சுன்னா அங்க தகரமே இல்ல, பெயின்டும் துருவும் பழைய பட்டியும் (பள்ளத்த நிரப்பப் பூசற பூச்சு) சேந்து விளிம்பு மாதிரி நின்னுட்டு இருக்கு. நம்ம ஊர் வண்டியில பெரும்பாலும் டிரைவர் பக்க கீழ் மூலையிலயாவது இது இருக்கும். இந்த இடத்துலதான் உண்மையான முடிவு எடுக்கணும். தகர வேலை பாக்கற டிங்கர் அண்ணன், பட்டி வெச்சு நீட்டா பண்ணிக் குடுத்துடறேன் சார், ரெண்டு நாள் வேலைன்னு சொல்லுவார். இல்லண்ணே, துருவ வெட்டிட்டு புதுத் தகரம் வெச்சு வெல்டு பண்ணுங்க, நாள் ஆனாலும் பரவால்லன்னு நீங்க சொல்லணும். பட்டி வெச்ச விளிம்புக்கு மேல ரப்பர் உதட்ட இழுத்து ஏத்தும்போதே பட்டி வெடிச்சிடும், கண்ணுக்குத் தெரியாது, அடுத்த மழையில அந்த வெடிப்புலதான் தண்ணி இறங்கும். அது மட்டும் இல்லாம பட்டி விளிம்ப தடிமனாக்கிடும், ரப்பரோட பள்ளம் ரெண்டு தகர தடிமனுக்கு அளந்து பண்ணினது, அதுக்குள்ள அது முழுசா உக்காராது. வெல்டு பண்ணி, தேய்ச்சு, எப்பாக்சி பிரைமர் ரெண்டு கோட்டு, அப்புறம் பெயின்ட். நம்ம குளிருக்கு எப்பாக்சி டப்பாவுல போட்டிருக்கற நேரத்துல காயாது, கூட ரெண்டு மூணு நாள் விடுங்க. மூடுபனி இறங்கற சாயங்காலத்துல டியூகோ பெயின்ட் அடிக்க விடாதீங்க, வெள்ளையா பூத்துடும்.

இந்தச் செலவ கேட்டுட்டு, இதுக்கு பதிலா நல்ல இம்போர்ட்டட் ரப்பரா வாங்கிடலாமேன்னு யோசிக்கறவங்க உண்டு. நான் தலைகீழா சொல்லுவேன், விளிம்பு சரியா இருந்தா சுமாரான ரப்பர் கூட தண்ணிய தடுக்கும், விளிம்பு போச்சுன்னா எவ்வளவு ஒசத்தி ரப்பரும் ஒழுகும்.

ரப்பர்ல மூணு வழி இருக்கு. ஒண்ணு, கடையில வருஷக்கணக்கா தொங்கிட்டு இருக்கற கம்பெனி ஒரிஜினல், பழைய ஸ்டாக். சென்னை புதுப்பேட்டை, ஜிபி ரோடு, அம்பாசிடருக்குன்னா கல்கத்தா மல்லிக் பஜார், டெல்லி காஷ்மீரி கேட், இங்க எல்லாம் தேடினா கிடைக்கும். பேக்கிங் பிரிக்காததுன்னு ஆசைப்பட்டு வாங்கிடாதீங்க, ரப்பருக்கு வண்டியில இருந்தாலும் வயசாகும், டப்பாவுல இருந்தாலும் வயசாகும், அம்பாசிடர் உற்பத்தி நின்னதே 2014ல, பத்மினி அதுக்கு ரொம்ப முன்னாடி. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு இடத்த பிடிச்சு நல்லா மடக்கிப் பாருங்க, மடிப்பு மேல மெல்லிசா ரேகை ஓடினா வெச்சுட்டு வந்துடுங்க. ரெண்டாவது, இப்ப புதுசா அச்சுல வார்த்து வர்ற செட், மூலை எல்லாம் வளைவாவே வந்திருக்கும், ஈபிடிஎம்ங்கற செயற்கை ரப்பர்ல பண்ணினதான்னு கேளுங்க, வெயிலுக்கும் ஓசோனுக்கும் இயற்கை ரப்பர விட அது எவ்வளவோ மேல் தாங்கும். என்னோட ஓட்டு இதுக்குத்தான். மூணாவது மீட்டர் கணக்குல அறுத்துக் குடுக்கற ரப்பர். தோட்டத்து ஜீப்புக்கு, தட்டைக் கண்ணாடி, இரும்பு ஃபிரேம், அதுக்கு இது தாராளமா போதும். பத்மினி, அம்பாசிடர் மாதிரி வளைவான மூலைக்கு அது சுருங்கி மடிப்பு விழும், அந்த மடிப்புலதான் ஓட்டை. அப்படியும் இததான் போடணும்னா கண்ணாடிய சுத்தி வர்ற அளவ விட ஒரு விரல் நீளம் கூட விட்டு வெட்டி, நெருக்கி ஒட்டுங்க, இழுத்து ஒட்டினா ஆறு மாசத்துல வாய் பிளந்துடும். ஒட்டுப் போட்ட இடம் மேல நடுவுல வரட்டும், தண்ணி தேங்கறது கீழ.

அளவு விஷயத்துல இன்னொண்ணு, கண்ணாடி தடிமன். பழைய டஃப்பன்ட எடுத்துட்டு லேமினேட்டட் போடும்போது பொதுவா 5 மில்லியிலருந்து 6 மில்லி சொச்சம் வரைக்கும் வருது, ரப்பர் பள்ளம் எந்த தடிமனுக்குன்னு கேட்டுட்டுத்தான் ரெண்டையும் ஆர்டர் பண்ணணும். முடிஞ்சா ஒரே இடத்துல வாங்குங்க, ஒண்ணு லூசா இருந்தா ஆள் மாத்தி ஆள் மேல பழி போடாம மாத்திக் குடுப்பாங்க.

கண்ணாடிக்கு வருவோம். பழசே நல்லா இருக்கே, அதையே திரும்ப போடலாமான்னா, ஓரத்துல முத்திரைய பாருங்க. டஃப்பன்டா லேமினேட்டடான்னு எழுதி இருக்கும், ஐஎஸ் 2553னு நம்ம நாட்டு தர எண்ணும் இருக்கும். டஃப்பன்ட்னா ஒரு கல்லு பட்டா மொத்தமும் ஒரே நொடியில பொடிப்பொடியா போயிடும். சமவெளி ரோட்டுல ஓரம் கட்டிக்கலாம். பர்லியாருக்கு மேல மூடுபனியில எதிர்ல லாரி இறங்கிட்டு இருக்கும்போது முன்னாடி ஒண்ணுமே தெரியலன்னா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. லேமினேட்டட்ங்கறது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் தாள், கல்லு பட்டா சிலந்தி வலை மாதிரி கீறல் விடும், ஆனா நிக்கும், அதுக்குள்ள பாத்து ஓட்டி வீடு வந்து சேரலாம். அதனாலதான் இப்ப வர்ற கார்ல முன் கண்ணாடி லேமினேட்டட்தான் இருக்கணும்னு விதியே இருக்கு. பழைய வண்டின்னு நமக்கு யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா மலையில ஓட்டறவங்க கேக்காமலே மாத்தணும். டஃப்பன்ட் கண்ணாடி எவ்வளவு சுத்தமா இருந்தாலும் நான் திரும்ப ஏத்த மாட்டேன்.

பழசு லேமினேட்டடா இருந்தா ரெண்டு விஷயம் பாருங்க. ஓரமா பால் மாதிரி வெள்ளை ஏறி இருக்கா, அது ஈரம் நடுத்தாளுக்குள்ள புகுந்தது, வளந்துட்டேதான் போகும், நிக்காது. அடுத்தது வைப்பர் போட்ட அரைவட்டக் கோடு, பகல்ல தெரியாது, ராத்திரி கோத்தகிரி ரோட்டுல எதிர் வண்டி லைட் பட்ட உடனே கண்ணாடி முழுக்க சிதறும். நகத்துல தட்டாத கோடுன்னா சீரியம் ஆக்சைடு வெச்சு பாலிஷ் போட்டா போகும், நகம் மாட்டுதுன்னா விட்டுடுங்க, அத தேய்ச்சு எடுத்தா அந்த இடம் குழிஞ்சு ரோடு நெளிஞ்சு தெரியும். ரெண்டும் இல்லன்னா பழைய கண்ணாடியே போதும், தைரியமா திரும்ப போடுங்க.

ஜீப்காரங்களுக்கு இங்க வசதி, தட்டையான லேமினேட்டட் ஷீட்ட கண்ணாடிக் கடையிலயே அளவுக்கு வெட்டித் தருவாங்க, ஓரத்த மட்டும் நல்லா கிரைண்ட் பண்ணச் சொல்லுங்க, கூரா விட்டா அங்கிருந்துதான் கீறல் ஆரம்பிக்கும். டஃப்பன்ட வெட்டவே முடியாது, வெட்டித் தரேன்னு சொல்றவர் சாதா கண்ணாடியத்தான் தரப் போறார். வளைஞ்ச கண்ணாடி கிடைக்கலன்னு வேற காரோட கண்ணாடிக்கு விளிம்ப வெட்டி மாத்தற வேலைய மட்டும் செய்யாதீங்க, 2021ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு வின்டேஜ் பதிவு வாங்கணும்னா பாடியில மாத்தம் பண்ணி இருக்கக் கூடாது. கூலிங் டின்ட் கேட்டா முன்னாடி 70 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும், மூடுபனி ஊர்ல டின்டே இல்லாததுதான் நல்லது.

எங்க பண்றது? கீழ போனா கண்ணாடிக் கடைங்க பெருசு, ஏசி, பில்லு எல்லாம் உண்டு, ஆனா அங்க இருக்கற பசங்க தினமும் பசை வெச்சு ஒட்டறவங்க, கயிறு போட்டு ரப்பர் ஏத்தற வேலை கைப்பழக்கம், அது டாக்சி அம்பாசிடர் காலத்துல வேலை கத்துக்கிட்ட நம்ம ஊர் டிங்கர் அண்ணன்கள் கிட்டதான் இன்னும் இருக்கு. விளிம்பு வேலையும் கண்ணாடி வேலையும் ஒரே ஆள் கையில இருக்கறதும் லாபம்தான், நடுவுல கண்ணாடி இல்லாம வண்டிய மலை இறக்கி ஏத்த வேண்டாம். கீழருந்து ஆள கூட்டிட்டு வரலாம்னா 2024 மே மாசத்துலருந்து வெளி வண்டிக்கு இ-பாஸ் வேணும், சீசன்ல குன்னூர் வழியா ஏறி கோத்தகிரி வழியா இறங்கணும், அவருக்கு ஒரு நாள் முழுசும் போயிடும், ஏதாவது சரியில்லன்னா திரும்ப வர மாட்டார். கண்ணாடிய மட்டும் கீழ வாங்கி மேல கொண்டு வாங்க. படுக்க வெக்காம நிக்க வெச்சு, கம்பளி சுத்தி, ரெண்டு பக்கமும் அணை குடுத்து. படுத்த கண்ணாடி கல்லாறு தாண்டறதுக்குள்ள ஏதாவது ஒரு குலுங்கல்ல போயிடும்.

மாசம், பிப்ரவரி இல்லன்னா மார்ச். ஜனவரி பனியில ரப்பர் வளையாது, ஏப்ரல் மே கோடை மழை, கூட்டம். காலையில பதினோரு மணிக்கு மேல வெயில்ல வெச்சு செய்யுங்க, ரப்பர வெந்நீர்ல ஊற விட்டு எடுத்தா இன்னும் நல்லது.

ரப்பர மொதல்ல கண்ணாடிக்கு மாட்டிட்டு, விளிம்பு போற பள்ளத்துல 4 மில்லி நைலான் கயிறு சுத்தி விட்டு, ரெண்டு முனையும் கீழ நடுவுல ஒரு சாண் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உள்பக்கமா தொங்கணும். பள்ளத்துக்கு சோப்புத் தண்ணி. கிரீஸ், மண்ணெண்ணெய், பழைய ஆயில் எதுவும் ஆகாது, ஈபிடிஎம் ரப்பர் எண்ணெய் குடிச்சு ஊதிடும். கண்ணாடிய வெளிய இருந்து வெச்சு, நடுவுல சரியா நிக்குதான்னு பாத்துட்டு, ஒருத்தர் உள்ள உக்காந்து கயித்த இழுக்கணும், இன்னொருத்தர் வெளிய உள்ளங்கையால அதே இடத்துல அழுத்திட்டே கூட நகரணும், குத்தக் கூடாது. கயிறு வர வர ரப்பர் உதடு ஒவ்வொரு அங்குலமா விளிம்ப தாண்டி உள்ள விழும், மூலை வரும்போது கயிறு இறுகும், அங்க பலம் காட்டாம நிறுத்தி, மறுபடி சோப்புத் தண்ணி விட்டு, வெளிய இருக்கறவர் மூலைய கீழ் நோக்கி தட்டிக் குடுத்தா டப்புன்னு ஒரு சத்தத்தோட உக்காரும். அந்த சத்தம் நாலு மூலையிலயும் வரணும். வரலன்னா கயித்த திரும்ப போட்டு அந்தப் பக்கத்த மட்டும் செய்யுங்க, ஸ்க்ரூடிரைவர விட்டு நெம்பினா கண்ணாடி ஓரத்துல சில்லு தெறிக்கும்.

ரப்பர் உக்காந்த பிறகுதான் சீலன்ட், அதுவும் வெளி உதட்டுக்குக் கீழ மெல்லிசா, அதே கொழகொழப்பு பியூட்டைல். உலர் ரப்பரே போதும், சீலன்ட் வேண்டாம்னு சொல்றவங்க உண்டு, புது பாடின்னா சரிதான், வெல்டு வெச்சு தேய்ச்ச விளிம்பு கையால பண்ணினது, மில்லிக்கு மில்லி ஒரே மாதிரி இருக்காது, அந்த இடைவெளிக்குத்தான் அது. பிதுங்கினத மறுநாள் பிளாஸ்டிக் பட்டையால சுரண்டிட்டு ஒயிட் ஸ்பிரிட்ல லேசா துடைச்சிடலாம். அடுத்த நாள் ஓஸ் பைப் டெஸ்ட், அப்புறம் குன்னூர் வரைக்கும் ஒரு தடவ இறங்கி ஏறிட்டு திரும்பவும் ஒரு டெஸ்ட், ரப்பர் தன் இடத்துல படியறது ஓடின பிறகுதான். உள்ள இருக்கற மேட்ட எடுத்துட்டு தரையில பழைய பேப்பர விரிச்சு வெச்சா எந்தப் பக்கம் சொட்டுதுன்னு காட்டிக் குடுத்துடும். டிங்கர் அண்ணனுக்கு பாக்கிப் பணத்த இந்த ரெண்டாவது டெஸ்டுக்கு அப்புறம் குடுங்க, அத வேலைய ஆரம்பிக்கும்போதே சொல்லி வெச்சுடுங்க.